ஆறாம் பிரிவு

நவம்பர் 24, திங்கள்

வக்கீல் நசீமா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "அன்னன்னைக்கு நடக்கிறத எழுதி வைங்கம்மா. நாளைக்கு ஒரு கமிட்டி போட்டு அதுக்கு முன்னாடி நின்னா வாய் குழறும். இதப் பாத்துப் பேசிக்கலாம்" என்றாள். பதிவேடு எழுதி எழுதி விரல் காய்த்துப்போனவளுக்கு இன்னொரு பதிவேடு. முதல் பக்கத்தில் பேர் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். செண்பகவல்லி, வயது நாற்பத்தொன்பது, வெள்ளானூர் அங்கன்வாடி டீச்சர், இறந்துபோன ஆவுடைச்செல்வியின் தாய்.

இன்று பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். முட்டை நாள் என்பதால் ஒருத்தரும் மட்டம் போடவில்லை. எடை போட்டு, செல்போனில் ஏற்றி, சத்துமாவு கிண்டி, இரண்டு பேருக்கு மூக்குச் சிந்திவிட்டேன்.

நசீமா சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்களைக் கொல்கிறவர்களுக்கும், அதற்குத் துணைபோகிறவர்களுக்கும் தனிச்சட்டம். மசோதா எழுதி இரண்டு வருஷமாகத் தூங்குகிறது. டிசம்பர் முப்பதோடு இந்தச் சட்டசபை முடிகிறது. புது வருஷம் பிறந்தால் தேர்தல். சபை கலைந்தால் மசோதாவும் செத்துப்போகும். ஆளும் கட்சி தனியாகக் கொண்டுவந்தால் எங்கள் சாதி ஓட்டு எதிர்க்கட்சிக்குப் போய்விடுமாம். அதனால் இரண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கினால்தான் உண்டு. நாங்கள் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு எம்.எல்.ஏ. காலிலும் விழ வேண்டும்.

விழுகிறேன். இந்தச் சட்டம் வராமல் போனால் என் மகள் சும்மா செத்தவளாகிவிடுவாள். அதை என்னால் தாங்க முடியாது.

நவம்பர் 26, புதன்

கமிட்டி போட்டால் இதைச் சொல்ல வேண்டும். பழகிக்கொள்வதற்காக எழுதிப் பார்க்கிறேன்.

போன வருஷம் அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. திருப்பூரில் ஒரு லைன் வீடு. ஆவுடைக்கு ஏழாம் மாசம். அவள் புருஷன் எபநேசர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாதி வேறு, சாமியும் வேறு. ஊரைவிட்டு ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு என் அண்ணன் சொரிமுத்துவும் அவன் மச்சினன்மார் இரண்டு பேரும் கதவைத் தட்டினார்கள். திறந்தது ஆவுடை. "வாங்க மாமா" என்றாளாம்.

மாமன் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். எபநேசர் கையை உயர்த்தித் தடுத்தான். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அடுத்த வெட்டு அவன் கழுத்துக்கு வந்தது. ஆவுடை வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடுவே விழுந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் யாரை வெட்டுகிறோம் என்று பார்க்கவில்லை. மொத்தம் பதினோரு வெட்டு. நாலு அவனுக்கு, ஏழு அவளுக்கு. வயிற்றில் ஒன்று. உள்ளே இருந்தது பெண் பிள்ளை என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருக்கிறது.

நான் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் போலீஸ். ரத்தம் குளியலறைக் குழாய் வழியாக ஓடிச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ அதன்மேல் சாம்பலைக் கொட்டினார்கள். ஏன் அன்றைக்கென்று பார்த்து வந்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஏழாம் மாசம், தாய்க்காரி பார்க்க வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? செல்போன் டவரை வைத்து என்று போலீஸ் எழுதிவிட்டது. எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

நவம்பர் 29, சனி

ஆளும் கட்சி எம்.எல்.ஏ. அருணாசலவடிவு வீட்டுக்கு நானும் எபநேசரும் நசீமாவும் போனோம். நல்ல காப்பி கொடுத்தார்கள். மாப்பிள்ளை இடது கையால் டம்ளரை எடுத்ததும் எம்.எல்.ஏ. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெட்டுப்பட்ட கையைப் பார்க்கப் பயமா, எந்தச் சாதிக் கை டம்ளரைத் தொட்டது என்ற விசாரமா, எனக்குத் தெரியவில்லை.

மனுவைப் படித்தார். "எல்லாம் சரிதான். இந்த ஆறாம் பிரிவு மட்டும் கொஞ்சம் இடிக்கு" என்றார்.

ஆறாம் பிரிவு இதுதான். ஒளிந்து வாழும் தம்பதியின் இருப்பிடத்தை, ஆபத்து வரும் என்று தெரிந்தே மற்றவருக்குத் தெரிவிப்பவரும் கொலைக்குத் துணைபோனவரே. பத்து ஆண்டு.

"வீடு காட்டுறவன் இல்லாம ஒரு கொலையும் நடக்கலீங்க சார். அதுக்காகத்தான் தனியா ஒரு பிரிவே வச்சிருக்கோம்" என்றாள் நசீமா.

"பெத்தவங்க, கூடப்பெறந்தவங்கதானே வீட்டக் காட்டுவாங்க? எல்லாரையும் உள்ள போட்டா நான் ஓட்டுக் கேட்டு எந்தத் தெருவுக்குப் போவேன்? சரி, எதிர்க்கட்சிக்காரன் கை தூக்கட்டும். நானும் தூக்குதேன்."

திரும்பும்போது மாப்பிள்ளை, "அத்தை, நீங்க ஏன் ஒண்ணுமே பேசல?" என்று கேட்டான். தலை வலிக்கிறது என்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. பொன்னுலிங்கம். இவரும் நல்ல காப்பி கொடுத்தார். இவரும் ஆறாம் பிரிவு இடிக்கிறது என்றார். இவரும் "அவன் தூக்கட்டும், நான் தூக்குதேன்" என்றார். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் நாய், நரி என்று திட்டிக்கொள்ளும் இந்த இரண்டு பேரும் சம்பந்திகள். அருணாசலவடிவின் மகன் பொன்னுலிங்கத்தின் மருமகன். காப்பிப்பொடிகூட ஒரே கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் போய்ப் பார்த்தால் அங்கன்வாடிக் கதவை அரிவாளால் கொத்திப் போட்டிருக்கிறார்கள். முட்டை அட்டைகளைத் தரையில் போட்டு மிதித்திருக்கிறார்கள். கரும்பலகையில் நான் எழுதியிருந்த அ, ஆவை அழித்துவிட்டு என் பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை எழுதியிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். கழுவிவிட்டுச் சுண்டல் வேகப் போட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

சொரிமுத்து வந்தான். ஜாமீனில் வெளியே வந்து மூன்று மாசமாகிறது. இத்தனை நாள் என் தெருப்பக்கம் வராதவன், இன்று காலை எட்டு மணிக்கு வெள்ளை வேட்டியும் விபூதியுமாகப் படியேறினான். என் புருஷன் சாகும்போது எனக்கு இருபத்தேழு வயது. கைப்பிள்ளையோடு நின்றவளுக்குச் சோறு போட்டு, டீச்சர் வேலையும் வாங்கிக் கொடுத்தவன் இவன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஏட்டி செம்பகம், ஊரே சிரிக்கு. செத்தது செத்துப்போச்சு. எவன் பிள்ளைக்கோ சட்டம் வாங்க நீ என்னத்துக்கு எம்.எல்.ஏ. வீடு வீடா ஓடுத?"

"பிள்ளை கழுத்துல அருவா போட்டவனுக்கு எம் படியில என்ன சோலி? இறங்கு."

"இறங்குதேன். ஆறாம் பிரிவாம்லா? வீடு காட்டுனவுகளுக்குப் பத்து வருசமாம். போலீஸ்ல நான் ஒரு பேரச் சொல்லாம விட்டுருக்கேன். அது கூடப்பெறந்த பாசம். நீ மெட்ராஸ் போயி வாயத் தொறந்தா, நானும் தொறப்பேன். மொதல்ல ஒம் மொடவன் மருமகன்ட்டதான் சொல்லுவேன், பாத்துக்க."

அடுப்பில் கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கி அவன் மேல் ஊற்றினேன். நெஞ்சிலும் தோளிலும் விழுந்தது. அலறிக்கொண்டு முற்றத்தில் புரண்டான். வேட்டி அவிழ்ந்தது. தோல் வெள்ளையாகச் சுருண்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குப் போதவில்லை. அரிவாள்மனையை எடுத்து வந்தேன். அதற்குள் எழுந்து ஓடிவிட்டான்.

எந்தப் பேரை அவன் சொல்லாமல் விட்டான் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வேறு மாவட்டம். பையனுக்கு இருபத்திரண்டு, பெண்ணுக்கு இருபது. கோழிப்பண்ணையில் ஒளிந்திருந்தவர்களைப் பிடித்துக் கை கால் கட்டி, வாயில் பூச்சிமருந்து ஊற்றி, கிணற்றில் போட்டிருக்கிறார்கள். பெண்ணின் சித்திதான் பண்ணைக்கு வழி காட்டினாளாம். காட்டிவிட்டு வந்து வீட்டில் டி.வி. பார்த்தாளாம்.

அந்தச் சித்தியின் படமும் போட்டிருந்தது. தலை சீவி, பூ வைத்து, யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த படம். வெகுநேரம் பார்த்தேன். பாதகத்தி என்று திட்டினேன். பேப்பரை மடித்து அடுப்பில் வைத்தேன்.

ஊரெல்லாம் கொதிக்கிறது. இரண்டு கட்சியும் பயந்துபோய் மசோதாவை ஆராய ஒரு தேர்வுக் கமிட்டி போட்டிருக்கின்றன. பதினாறாம் தேதி எங்களை விசாரிக்கிறார்கள். நம் சம்பந்திகள் இரண்டு பேருமே குழுவில் இருக்கிறார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

மாப்பிள்ளை சென்னைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தான். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல கூட்டம். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் சைக்கிள் செயினை வீசினான். மாப்பிள்ளை காது கிழிந்து தொங்கிற்று. இல்லாத கையால் தடுக்கப் பார்த்தான், பாவம், பழக்கம் போகவில்லை. கீழே விழுந்தவன் முகத்தில் மிதித்தார்கள். கூட்டம் விலகி நின்று வேடிக்கை பார்த்தது.

என் கையில் எவர்சில்வர் டிபன் கேரியர் இருந்தது. அதை வீசி ஒருத்தன் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. மறுபடி அடித்தேன். மூக்கு உடைந்தது. அவன் "யம்மா" என்று கத்தினான். இன்னும் இரண்டு போட்டேன். எனக்கு அது இனித்தது, மறைப்பானேன்? மற்றவன் அவனை இழுத்துப் பைக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் காதில் ஒன்பது தையல். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அக்காவ விட்டா எனக்குன்னு இனி நீங்க மட்டுந்தான் இருக்கிய" என்றான்.

சேலையெல்லாம் அவன் ரத்தம். ஊறவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

சென்னை. நீள மேசை. அந்தப் பக்கம் ஆளும் கட்சி ஆறு பேர், இந்தப் பக்கம் எதிர்க்கட்சி நாலு பேர். எபநேசர் முதலில் பேசினான். வெட்டுப்பட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசினான். ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை, எல்லாரும் தாளைப் பார்த்தார்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை சரசரவென்று ஒத்துக்கொண்டார்கள். ஆறில் வந்து நின்றது. பொன்னுலிங்கம் எழுந்தார். அண்ணன் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறான் என்று நேற்றே ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. என்ன சொல்லி அனுப்பியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

"ஒரு தாய், பிள்ளைப் பாசத்துல, சொந்தக்காரன நம்பி அட்ரஸ் சொல்லிட்டான்னு வைங்க. அவளையும் கொலைகாரனோட சேத்துக் கட்டணுமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

இவர் வாயால் வருவதற்கு முன் என் வாயால் வரட்டும் என்று எழுந்தேன்.

"அந்தத் தாயி நாந்தான்யா" என்றேன்.

நோட்டைப் பார்க்காமலே பேசினேன். ஆவுடை எனக்கு மட்டும் ரகசியமாகப் போன் பண்ணி, பிள்ளை உண்டாகியிருப்பதையும் வீட்டு விலாசத்தையும் சொன்னாள். புரட்டாசியில் அண்ணன் வந்து அழுதான். எங்கள் வகையறாவில் வளைகாப்புக்கு முதல் வளையலைத் தாய்மாமன்தான் கொண்டுபோக வேண்டும். அவன் போடாமல் வேறு யாரும் போட முடியாது. "எம் மருமகளுக்கு நாந்தான் கொண்டு போவேன், கோவமெல்லாம் போச்சுட்டி" என்றான். அரசாங்கம் நடத்தும் சமுதாய வளைகாப்பில் இருநூறு பெண்களுக்கு முன்னால் நின்று வளையல் போட்டவள் நான். சொந்த மகளுக்கு முறைப்படி நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அஞ்சு வகைச் சோறும் கட்டிக் கொடுத்து, நீ முன்னால் போ, நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

நசீமா வாயைப் பொத்திக்கொண்டாள். எபநேசர் என்னையே பார்த்தான்.

பொன்னுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? இதத்தான் நான் சொல்லுதேன். வளையல் போட அனுப்புன தாய ஜெயில்ல போடவா சட்டம்?" என்றார். அருணாசலவடிவும் தலையாட்டினார். அந்த மேசையில் இரண்டு பக்கமும் சேர்ந்து தலையாட்டியது அப்போதுதான்.

டிசம்பர் 17, புதன்

ரயிலில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டும்வரை மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்குத் தெரியாதுல்லா அத்தை? தெரிஞ்சிருந்தா குடுப்பியளா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

"பெறகு என்னத்துக்கு மருகுதிய? அவன் ஒங்கள ஏமாத்திட்டான். அவ்வளவுதான்." டீ வாங்கிக் கொடுத்தான். என் காலடியில் கிடந்த பையை இடது கையால் தூக்கி மேலே வைத்தான்.

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

பேப்பரில் என் படம். "ஏமாற்றப்பட்ட தாய்" என்று தலைப்பு. இரண்டு கட்சியும் மசோதாவை நிறைவேற்றச் சம்மதம். ஆனால் ஆறாம் பிரிவு நீக்கப்படுகிறது. "செண்பகவல்லி போன்ற அப்பாவித் தாய்மார்கள் பாதிக்கப்படக் கூடாது" என்று இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

நசீமா போனில் அழுதாள். "அது இல்லாம இந்தச் சட்டம் வெறும் உறைம்மா. கத்தியே கிடையாது. நாளைக்கும் ஒருத்தி வீட்டக் காட்டிட்டு டி.வி. பாப்பா." உங்களால்தான் என்று அவள் சொல்லவில்லை. நல்ல பெண்.

டிசம்பர் 25, வியாழன்

மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தான். அவன் அக்காள் வீட்டில் கிறிஸ்துமஸ். எனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருந்தான். அவன் அக்காள் பிரியாணியில் நல்ல துண்டாகப் பொறுக்கி என் இலையில் வைத்தாள். "எந்தம்பி உயிரக் காப்பாத்துனவுக" என்று பஸ் ஸ்டாண்ட் கதையைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னாள். எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள்.

ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். மாப்பிள்ளை வந்து முதுகைத் தடவினான். அந்த ஒற்றைக் கை முதுகில் பட்டதும் அதைப் பிடித்துக் கடித்துத் துப்ப வேண்டும் போல் வெறி வந்தது. அவன் என்னை அடித்தால் தேவலை. காலால் மிதித்தால் தேவலை. தடவுகிறானே.

டிசம்பர் 27, சனி

இன்று உண்மையை எழுதிவிட்டேன். நாலு பிரதி. மனுவில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்.

அன்று காலை அண்ணன் சீர்ப்பையை என் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தான். சோற்றுத் தூக்கை உள்ளே வைக்கப் பையை விரித்தேன். அதில் வளையல் இல்லை. சேலை இல்லை, பூ இல்லை, மஞ்சள்கூட இல்லை. இருநூறு வளைகாப்பு நடத்தியவளுக்குச் சீர்ப்பையில் என்ன இருக்க வேண்டும் என்று தெரியாதா? துண்டில் சுற்றி அரிவாள் இருந்தது. கைப்பிடி வெளியே தெரிந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். துண்டை இழுத்து அந்தக் கைப்பிடியை மூடினேன். அதன்மேல் சோற்றை வைத்தேன். அதற்குப் பிறகுதான் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

எபநேசரைத்தான் வெட்டுவான் என்று நினைத்தேன். இதுதான் உண்மை. அவன் போய்விட்டால் ஆவுடை வீட்டுக்கு வருவாள், பிள்ளையைப் பெறுவாள், நான் வளர்ப்பேன், ஒரு வருஷத்தில் ஊர் வாயும் மூடிவிடும் என்று நினைத்தேன். அடுத்த பஸ்ஸில் நான் போனது வளைகாப்புக்கு இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வர. அவளுக்கு மாற்றுச் சேலைகூட எடுத்துப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. தூங்கினேன்.

என் மகள் அவனுக்குக் குறுக்கே போய் விழுவாள் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. ஒருத்தியைப் பெற்று வளர்த்தும் அவளை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மனுவின் கடைசியில் இப்படி எழுதினேன்: "நான் ஏமாற்றப்பட்ட தாய் இல்லை. தெரிந்தே கொடுத்தவள். என் பேரைச் சொல்லி ஆறாம் பிரிவை எடுக்காதீர்கள்."

நசீமா படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத நான் குடுத்தா நீங்களும் உள்ள போவீங்க. தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். ஒரு பிரதி ஆளும் கட்சிக்கு, ஒன்று எதிர்க்கட்சிக்கு, ஒன்று பேப்பருக்கு. நாலாவதை நானே கொண்டுபோய் எபநேசர் கையில் கொடுத்தேன். அவன் படித்து முடிக்கும்வரை நின்றேன். மெதுவாகத்தான் படித்தான். முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். உள்ளே ஏதோ பாத்திரம் சுவரில் மோதி விழுந்தது. பிறகு இன்னொன்று. வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாம் விழுந்து முடியும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

இரண்டு கட்சிக்கும் ஒரே நாளில் ஞானம் வந்துவிட்டது. கொலைக்கு ஆள் அனுப்பியவளைக் காப்பாற்றத்தான் பிரிவை எடுத்தீர்களா என்று பேப்பர்க்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று பயம். ஆறாம் பிரிவு இருக்கட்டும் என்று அருணாசலவடிவும் சொன்னார், பொன்னுலிங்கமும் சொன்னார். எப்போதும் இருக்கட்டும் என்றுதான் தாங்கள் சொன்னதாகவும் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பொம்பளை என் முகத்தில் துப்பினாள். இன்னொருத்தி, "நீ செஞ்சதுல என்ன தப்பு? பேசாம இருந்திருக்கலாம்லா?" என்று கையைப் பிடித்தாள். துப்பினவளே தேவலை.

அங்கன்வாடிச் சாவியை ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதை மறக்காமல் சொன்னேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

சட்டசபை. மேலே பார்வையாளர் வரிசை. எபநேசரும் வந்திருந்தான். அந்தக் கோடியில் நசீமாவுக்கு அப்பால் உட்கார்ந்தான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். "ஏற்போர் ஆம் என்க" என்றார் சபாநாயகர். இரண்டு பக்கமிருந்தும் "ஆம்" என்று சத்தம் வந்தது. "மறுப்போர் இல்லை என்க." ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முடிந்தது. இரண்டு வருஷம் தூங்கியதற்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கீழே சம்பந்திகள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

நான் அழுதேன். ஆவுடைக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எபநேசர் போய்விட்டிருந்தான்.

டிசம்பர் 31, புதன்

திருப்பூர் போலீஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

காலையில் ரயிலிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்தேன். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். ஆறாம் பிரிவில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அம்மா, அது நேத்துத்தானுங்க பாஸ் ஆயிருக்குது. கவர்னர் கையெழுத்துப் போடோணும், கெஜட்டுல வரோணும். வந்தாலுமே போன வருசம் நடந்ததுக்குச் செல்லாதுங்க. ஊட்டுக்குப் போங்க."

இத்தனை பேர் காலில் விழுந்து வாங்கிய சட்டத்தில் எனக்கு இடமில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. நசீமாவுக்குத் தெரிந்திருக்கும். பாவம் என்று சொல்லாமல் விட்டிருப்பாள். நான் எழுந்திருக்கவில்லை. பழைய சட்டத்தில் ஏதாவது இருக்கும், பாருங்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு எபநேசர் வந்தான். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். இடது கையால் எழுதிய புகார். கொலைச் சதியில் என்னையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். பின்னால் என் மனுவை இணைத்திருந்தான். சதிக்குப் பழைய சட்டமே போதும், கோர்ட்டில் அனுமதி வாங்கிச் சேர்த்துவிடலாம் என்றார் இன்ஸ்பெக்டர்.

வழக்குக் கட்டைப் பிரித்து எழுத்தருக்குப் படித்துக் காட்டினார். போலீஸ் தாளில் குற்றவாளி என்று எழுதுவதில்லை, எதிரி என்றுதான் எழுதுவார்கள். முதல் எதிரி சொரிமுத்து. இரண்டாவது எதிரி, மூன்றாவது எதிரி அவன் மச்சினன்மார். படித்துவிட்டு எபநேசரை நிமிர்ந்து பார்த்தார். "இவிய உங்களுக்கு என்ன வேணுமுங்க தம்பி? உறவு எழுதோணும்" என்றார்.

எபநேசர் என் முகத்தை நேராகப் பார்த்தான். அத்தை என்று வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிக்கொண்டான்.

"உறவு ஒண்ணும் இல்ல சார். நாலாவது எதிரின்னு எழுதிக்கோங்க" என்றான்.

எழுத்தர் பேனாவைத் திறந்து என் தகப்பன் பேரைக் கேட்டார். சொன்னேன்.